ஊமத்தையிலேர்ந்து நிணநீர் முடிச்சு வரைக்கும்: ஜப்பான் சர்ஜரில பழசு எது, புதுசு எது?

தாமிரபரணியான்:

வணக்கம் நண்பர்களே. ஜப்பான் மருத்துவம்னு பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க ரெண்டு வரில முடிச்சிடுறாங்க, மெய்ஜி காலத்துல (1868க்கு அப்புறம்) பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஜெர்மன் மருத்துவத்தை அப்படியே எடுத்துக்கிட்டாங்க, அதனால மேல வந்துட்டாங்கன்னு. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா அந்தக் கதைல ஹனாவோகா செய்ஷூவுக்கு இடமே இல்ல.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். 1804 நவம்பர் 14. கீ மாகாணத்துல ஹிராயாமான்னு ஒரு கிராமம், இன்னைக்கு வாகாயாமா மாநிலத்துல கினோகாவா நகரத்துக்குள்ள வருது. அங்க கான்னு ஒரு 60 வயசு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அவங்களுக்கு ஆஸ்துமாவும் பெரிபெரியும் வேற இருந்துச்சு, அதனால ஹனாவோகா எடுத்த எடுப்புல கத்தியை எடுக்கல, முதல்ல அந்த ரெண்டையும் சரி பண்ணி உடம்பைத் தேத்துறார், அப்புறம்தான் ஒரு கஷாயம் குடிக்கக் கொடுத்து, சுத்தமா நினைவு போனதும் கட்டியை வெட்டி எடுக்கிறார். பாஸ்டன்ல மார்ட்டன்னு ஒருத்தர் ஈதர்ங்கிற மயக்க மருந்தைக் காட்டினது 1846 அக்டோபர் 16. அதாவது 42 வருஷம் முன்னாடி, டச்சுக்காரங்களைத் தவிர வேற ஐரோப்பியன் கால் வைக்க முடியாத ஒரு நாட்டுல, ஒரு கிராமத்து வைத்தியர் முழு மயக்கத்துல ஆபரேஷன் பண்ணியிருக்கார்.

இப்ப அந்தக் கஷாயம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. முக்கியச் சரக்கு ஊமத்தை, நம்ம ஊர் ரோட்டோரம் வெள்ளையா பூக்குதே அதே செடி. கூட நாபி இனத்துல ஒரு வேர், இன்னும் சில மூலிகை. கியோட்டோல எலும்பு கட்டுற வைத்தியருங்க ஏற்கனவே ஊமத்தை கலந்த மருந்து வச்சிருந்தாங்க. ஹனாவோகா கியோட்டோவுக்குப் படிக்கப் போனப்ப ஒரு பக்கம் சீன வழி உள்மருத்துவம், இன்னொரு பக்கம் டச்சு வழி வெளிமருத்துவம், ரெண்டையும் படிச்சார். டச்சு வழின்னா, 1649ல வந்த காஸ்பர் ஷாம்பெர்கர்னு ஒரு சர்ஜன் பேர்ல ஓடிக்கிட்டிருந்த பரம்பரை. அதாவது அவர் காலத்துல "மேல்நாட்டு" சர்ஜரியே ஜப்பான்ல 150 வருஷப் பழசு. உள்ளும் வெளியும் ஒண்ணுதான்னு அவர் மாணவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதனாலதான். கம்போ, அதாவது சீன வழில வந்த ஜப்பான் மூலிகை மருத்துவம், தெரியாதவன் மயக்கம் கொடுக்க முடியாது, கத்தி தெரியாதவன் கட்டியை எடுக்க முடியாது.

அதனால பழசு தோத்துச்சு புதுசு ஜெயிச்சுச்சுங்கிற கணக்கு இங்க வேலைக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன். என் கட்சி வேற. ஜப்பான் சர்ஜரில எது நகர்ந்துச்சு எது நின்னு போச்சுன்னு பார்த்தா, எதை எழுதி வெளில வச்சாங்களோ அது நகர்ந்துச்சு, எதை மூடி வச்சாங்களோ அது அங்கேயே நின்னுடுச்சு. ஹனாவோகா மருந்து மூடி வச்ச கணக்குல வருது. அவர்கிட்ட சேர்ற மாணவன் ரகசியத்தை வெளில விடமாட்டேன்னு சத்தியம் எழுதிக் கொடுக்கணும். ஆயிரம் பேருக்கு மேல படிச்சாங்க, 150க்கு மேல மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்துச்சு, ஆனா உலகத்துக்கு மயக்க மருந்து பாஸ்டன்லேர்ந்துதான் போச்சு.

மறுப்பு இருந்தா சொல்லுங்க, அதுக்குத்தான் இழையே தொடங்கினேன்.


குமரன்77:

நல்ல பதிவு. அந்த 60 வயசு அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?


தாமிரபரணியான்:

ஆபரேஷன் தாங்கினாங்க குமரன், ஊருக்குத் திரும்பிப் போனாங்க. ஆனா நாலு மாசத்துக்கு அப்புறம் 1805 மார்ச் கடைசில இறந்துட்டாங்க. வந்தப்பவே நோய் முத்தின நிலைன்னுதான் தோணுது. அந்தக் காலத்துல இத்தாலிலயோ ஜெர்மனிலயோ இருந்த பெரிய சர்ஜன் பண்ணியிருந்தாலும் இதைவிடப் பெரிசா எதுவும் நடந்திருக்காது.


மல்லிகா_மயக்கவியல்:

நான் அனஸ்தீசியாதான், 20 வருஷத்துக்கு மேல இதே வேலை. தாமிரபரணி சார் சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கறேன், மீதிப் பாதிக்கு எனக்கு மறுப்பு இருக்கு.

ஊமத்தைல இருக்கறது அட்ரோபின், ஸ்கோபோலமின், ஹையோசயமின். இந்த ஸ்கோபோலமின்தான் நினைவைத் தட்டி விடுது. கூடவே வாய் காய்ஞ்சு போகும், கண் பாப்பா விரிஞ்சு போகும், நெஞ்சு படபடன்னு ஓடும், பேஷண்ட் கண்டதையும் உளறுவாங்க. நாபி வேர்ல இருக்கற அகோனிட்டின் இதயத்தோட தாளத்தையே கலைச்சுடும், கொஞ்சம் கூடினா உயிர் போயிடும். இந்த ரெண்டையும் ஒரே கிண்ணத்துல கலந்து குடிக்கக் கொடுக்கறார் அந்த மனுஷன். குடிச்சு சில மணி நேரம் கழிச்சுத்தான் மயக்கம் வரும், தெளிய அரை நாளோ ஒரு நாளோ ஆகும்.

இப்ப ஒரு மயக்க மருந்து டாக்டர் இடத்துலேர்ந்து யோசிங்க. மூச்சு வழியா கொடுக்கற ஈதர்ல பேஷண்ட் கொஞ்சம் நீலம் பூத்தா முகமூடியை எடுத்துடலாம், மூச்சு விட விட மருந்து வெளில போயிடும். அசைஞ்சா இன்னும் ரெண்டு சொட்டு விடலாம். வாயால குடிச்ச மருந்தை என்ன பண்ணுவீங்க? கூடினாலும் குறைஞ்சாலும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார வேண்டியதுதான். அதனால ஹனாவோகா மருந்து உலகத்துக்குப் போகாததுக்கு ரகசியம் மட்டும் காரணம் இல்ல, அந்த மருந்தோட சுபாவமே அப்படி. அளவு தெரியாதவன் கையில கிடைச்சா வரிசையா சாவு விழும். அதுக்காகவும்தான் அவர் பூட்டி வச்சிருப்பார்னு நான் நம்பறேன். அவர் வீட்டுலயே என்ன நடந்துச்சுன்னு அவருக்குத் தெரியுமே.

ஆனா அவர் மேல எனக்கு இருக்கற மரியாதைக்கு அளவே இல்ல. ஜப்பான் மயக்கவியல் சங்கத்தோட சின்னத்துல இன்னைக்கும் அந்த ஊமத்தைப் பூதான் இருக்கு.

(இதைப் படிச்சுட்டு யாரும் ஊமத்தையைத் தொட்டு எதுவும் செஞ்சு பார்க்காதீங்க, விதையை அரைச்சுக் குடிச்சு கேஷுவாலிட்டிக்கு வர்றவங்களை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.)


வாசகி_திருச்சி:

மல்லிகா மேடம், "அவர் வீட்டுலயே என்ன நடந்துச்சு"ன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்?


மல்லிகா_மயக்கவியல்:

மருந்து அளவு சரி பண்ண முதல்ல பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கணும்ல, அதுக்கு அவரோட அம்மா ஒத்சுகியும் மனைவி காயேயும் முன்வந்தாங்கன்னு வரலாறு. அம்மா அதுல இறந்துட்டாங்க, மனைவிக்குக் கண் பார்வை போயிடுச்சு. அட்ரோபின் வகைச் சரக்கு கண்ணுக்குள்ள அழுத்தத்தை ஏத்தும்னு இன்னைக்கு நமக்குத் தெரியும், அவங்க பார்வை போனது அதனாலயா இருக்கலாம்னு நான் யோசிச்சிருக்கேன்.


வாசகி_திருச்சி:

அப்போ 1804க்கு விலை கொடுத்தது அந்த வீட்டுப் பொம்பளைங்கதான். "முன்வந்தாங்க"ங்கற வார்த்தையை என்னால சுலபமா எடுத்துக்க முடியல. 18ஆம் நூற்றாண்டு ஜப்பான்ல ஒரு மருமகள் வேண்டாம்னு சொல்லியிருக்க முடியுமா? ஹனாவோகா பேரை எழுதற இடத்துலெல்லாம் காயே பேரையும் ஒத்சுகி பேரையும் சேர்த்து எழுதணும், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.


ஒசாகா_செந்தில்:

வாசகி சொன்னதுக்கு ஒரு தகவல். நான் ஒசாகா பக்கம் வேலைல இருக்கேன், ஹனாவோகா வீடும் பள்ளிக்கூடமும் இருந்த இடத்தைத் திருப்பிக் கட்டி வச்சிருக்காங்க, ஷுன்ரின்கென்னு பேர். வாகாயாமா லைன்ல நாத்தே ஸ்டேஷன்ல இறங்கிப் போகணும், சின்ன ஸ்டேஷன், சுத்தி பழத் தோட்டமா இருக்கும். உள்ள பொம்மைங்க வச்சு அந்தக் காலத்து சிகிச்சை எப்படி நடந்துச்சுன்னு காட்டியிருக்காங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்க கதையும் அங்க வர்ற ஜப்பான்காரங்க எல்லாருக்கும் தெரியும், சொல்லப்போனா சாதாரண ஜனங்களுக்கு அறுவை சிகிச்சை விவரத்தைவிட காயே கதைதான் நல்லாத் தெரியும்.

எனக்கு அங்க பிடிச்சது கருவிங்க. அவரே வடிவம் சொல்லி கொல்லன்கிட்ட அடிச்சு வாங்கின கத்தி, கத்திரி, கொக்கி. வாள் செய்யற நாட்டுல கத்திக்கா பஞ்சம்னு தோணுச்சு.


கிளிநொச்சி_தீபன்:

தாமிரபரணி அண்ணை, உங்கட பதிவு வாசிச்சனான், நல்லா இருக்கு. ஆனா எழுதி வைச்சது நகர்ந்தது எண்டு சொல்லிப்போட்டு 1771ஐப் பற்றி நீங்கள் ஒண்டும் கதைக்கேல்ல. அதை நான் சொல்லுறன்.

எடோவில, இண்டைக்குத் தோக்கியோ, கொசுகப்பாரா எண்ட கொலைக்களம். மரண தண்டனை குடுத்த ஒரு கிழவியின்ர உடலை அறுத்துப் பாக்க சுகிதா கென்பாகு, மாயேனோ ரியோதாகு, நகாகாவா ஜுன்அன் எண்டு வைத்தியர்மார் போகினம். கையில குல்முஸ் எண்ட ஜெர்மன்காரன் எழுதின உடற்கூற்றுப் புத்தகத்தின்ர டச்சு மொழிபெயர்ப்பு. அவை படிச்ச சீனப் புத்தகங்களில நுரையீரலுக்கு ஆறு மடல், ரெண்டு காது, ஈரலுக்கு இடப்பக்கம் மூண்டு மடல், வலப்பக்கம் நாலு எண்டெல்லாம் இருக்கு. அறுத்துப் பாத்தால் அப்பிடி ஒண்டும் இல்லை, டச்சுப் புத்தகத்துப் படம்தான் அச்சு அசலாய்ப் பொருந்துது. திரும்பி வாற வழியிலயே இதை மொழிபெயர்க்கிறது எண்டு முடிவெடுக்கினம். ரியோதாகுவுக்குக் கொஞ்சம் டச்சு தெரியும், சுகிதாவுக்கு எழுத்தே சரியா தெரியாது. மூண்டரை வருசம் மாரடிச்சு 1774ல புத்தகம் வெளியில வருது.

இதெல்லாம் எல்லாரும் சொல்லுறது. ஒருத்தரும் சொல்லாதது என்னெண்டால், அண்டைக்குக் கத்தியைப் பிடிச்சது இந்த வைத்தியர்மார் இல்லை. அவை சுத்தி நிண்டு பாத்தவை மட்டும்தான். பிணத்தைத் தொடுறது தீட்டு எண்டு ஒதுக்கி வைச்ச சாதியில பிறந்த 90 வயசுக் கிழவர்தான் அறுத்தவர். தோராமாட்சு எண்டவர்தான் வரவேண்டியது, அவருக்குச் சுகமில்லாமல் போக அவற்ற தாத்தா வந்தவர். இளவயசில இருந்தே கன உடல் அறுத்த மனுசன். இது இதயம், இது ஈரல், இது இரைப்பை எண்டு ஒவ்வொண்டாய்ச் சுட்டிக் காட்டினவர், பேர் தெரியாத உறுப்பைக் கூட "இது எப்பவும் இந்த இடத்திலதான் இருக்கும், நான் அறுத்த எல்லாரிட்டயும் கண்டனான்" எண்ட மாதிரிச் சொன்னவர். அதுக்கு முதல் வந்து பாத்த வைத்தியர்மார் ஒருத்தரும் அந்தக் கிழவரைத் திருப்பி ஒரு கேள்வி கேக்கேல்லயாம்.

பேரன்ர பேராவது இருக்கு. தாத்தாவின்ர பேரே இல்லை. மரபு எண்டு நீங்கள் பேசினால் அந்தக் கையில இருந்த அறிவும் மரபுதான் அண்ணை.


தாமிரபரணியான்:

தீபன், இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது. நான் இதோட ஒண்ணு சேர்க்கிறேன். அறுத்துப் பார்க்கணுங்கிற ஆசையே டச்சுக்காரங்க கொடுத்ததுன்னு நினைச்சிடக் கூடாது. 1754லயே கியோட்டோல யாமாவாகி தோயோ அனுமதி வாங்கி ஒரு உடலை அறுக்க வச்சுப் பார்த்தார், 1759ல படத்தோட புத்தகம் போட்டார். அவர் பக்கா கம்போ வைத்தியர். பழைய சீன மூலநூலுக்குத் திரும்பிப் போகணும், கண்ணால பார்த்ததைத்தான் நம்பணும்னு சொன்ன ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர். அதாவது பழமைக்குத் திரும்பணும்னு சொன்ன ஆளுங்கதான் முதல்ல உடம்பைத் திறந்தாங்க.

மல்லிகா மேடத்துக்குப் பதில். மருந்தோட சுபாவம் பத்தி நீங்க சொன்னதை அப்படியே ஏத்துக்கிறேன். ஆனா ரகசியம் நியாயம்னு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. பாஸ்டன் கதையையே எடுத்துக்குங்க. மார்ட்டன் ஒண்ணும் தர்மப் பிரபு இல்ல, ஈதருக்கு நிறமும் வாசனையும் கலந்து லெத்தியான்னு புதுப் பேர் வச்சு பேட்டன்ட் போட்டவர்தான் அவரும். ஆனா அந்த ஆஸ்பத்திரி சர்ஜன்கள் என்ன பண்ணாங்க, இது என்ன மருந்துன்னு சொன்னாத்தான் அடுத்த பெரிய ஆபரேஷனுக்கு விடுவோம்னு நின்னாங்க, அவர் சொல்லித்தான் ஆகணும்னு ஆச்சு. அந்த டிசம்பருக்குள்ள லண்டன்ல ஈதர் கொடுத்து ஆபரேஷன் நடக்குது. ரெண்டு பேருமே மறைக்கத்தான் பார்த்தாங்க. அங்க மறைக்க விடாத ஒரு சபை இருந்துச்சு, ஹிராயாமால குருவுக்கு மேல கேள்வி கேட்க யாரும் இல்ல.

இதுக்கு சாட்சி ஹோன்மா சோகென். ஹனாவோகாகிட்டயும் படிச்சார், நாகசாகில சீபோல்டுங்கிற ஜெர்மன் டாக்டர்கிட்டயும் போய்ப் படிச்சார். 1837ல குரு வழியில கத்துக்கிட்டதை எழுதி அச்சுல போட்டுட்டார். விளைவு என்னன்னா, சத்தியத்தை மீறினவன்னு பள்ளிக்கூடத்துலேர்ந்து விலக்கி வச்சாங்க. ஆனா அதே ஹோன்மா 1857ல கால் அழுகிப் போன ஒருத்தருக்கு அந்த ஊமத்தை மருந்தையே கொடுத்துத் தொடையோட காலை எடுத்திருக்கார். ஹனாவோகா பள்ளில நான் முதல்ல வணங்கறது இந்த மனுஷனைத்தான்.

நடுவுல இன்னொரு விஷயம். சக்குராங்கிற ஊர்ல சாத்தோ தாய்சென் நடத்தின ஜுன்தெண்டோ மருத்துவப் பள்ளி. மயக்க மருந்து ஆபத்துன்னு அது இல்லாமலே ஆபரேஷன் பண்ணவங்க. எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு காசுன்னு 1854ல எழுதின விலைப்பட்டியல் இன்னைக்கும் அங்க இருக்கு. அந்தப் பட்டியல் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது, ஏன்னா வர்ற நோயாளிக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியுது. அந்தப் பள்ளிலேர்ந்து வந்த சாத்தோ சுசுமு 1869ல பெர்லின் போய் 1874ல டாக்டர் பட்டம் வாங்கினார்.


குமரன்77:

எல்லாம் சரி, ஆனா ஜெர்மன் பங்கை ஒரேயடியா குறைச்சிடாதீங்க. 1869ல ஜெர்மன் மருத்துவம்தான்னு அரசு முடிவெடுத்துச்சு, 1871ல முல்லர், ஹாஃப்மன்னு ரெண்டு ஜெர்மன் டாக்டர்கள் வந்தாங்க, 1881ல வந்த ஜெர்மன் சர்ஜன் ஸ்கிரிபா 20 வருஷம் தோக்கியோல சர்ஜரி சொல்லிக் கொடுத்தார். லிஸ்டரோட கிருமிநாசினி முறை ஹனாவோகாவுக்குத் தெரியாது. மயக்கம் மட்டும் இருந்து சீழ் பிடிக்கிறதைத் தடுக்க வழி இல்லன்னா வயித்தைத் திறக்கவே முடியாதே. வயித்துக்குள்ள கை வைக்கிற சர்ஜரி முழுக்க அந்தப் பக்கம்தான் வந்துச்சு.

இன்னொண்ணு, மரபு ஒரு பக்கம் கையைப் பிடிச்சு இழுக்கவும் செஞ்சுச்சு. மூளைச்சாவை ஜப்பான் ஜனங்க ஏத்துக்கவே இல்லயே, எத்தனை பேர் உறுப்பு கிடைக்காம செத்திருப்பாங்க.


இளம்பரிதி_சர்ஜன்:

நான் வயித்து சர்ஜரி பண்றவன், கோயம்புத்தூர் பக்கம். ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு வர்றேன், இப்பதான் எழுத நேரம் கிடைச்சுது, கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்குங்க.

முதல்ல குமரன் சொன்ன மூளைச்சாவு. அதை மரபுன்னு மட்டும் சொல்லிட முடியாது. 1968 ஆகஸ்ட்ல சப்போரோல வாடா ஜூரோ ஜப்பானோட முதல் இதய மாற்று ஆபரேஷன் பண்ணார். இதயம் வாங்கின 18 வயசுப் பையன் 83 நாள் இருந்தான். அப்புறம்தான் கேள்வி கிளம்புச்சு, கொடுத்தவருக்கு நிஜமாவே மூளைச்சாவா, யார் பரிசோதிச்சாங்க, வாங்கினவனுக்கு மாற்று தேவைப்பட்டுச்சா, எதுக்கும் சரியான பதிவு இல்ல. கொலை வழக்கு வரைக்கும் போய் அப்புறம் கைவிட்டாங்க. ஜனங்க நம்பிக்கை உடைஞ்சு போச்சு. சட்டம் வர 1997 ஆச்சு, அதுப்படி முதல் உறுப்பு எடுத்தது 1999. தாமிரபரணி அண்ணன் சொல்ற "மூடி வச்சது"க்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேணுமா?

ஆனா கதவு அடைஞ்ச அந்த இடத்துலதான் உயிரோட இருக்கறவங்ககிட்டேர்ந்து ஈரல் எடுக்கற கலை வளர்ந்துச்சு. 1989ல உலகத்துலயே முதல் வெற்றி ஆஸ்திரேலியால பிரிஸ்பேன்ல நடந்துச்சு, அம்மா ஈரல்ல ஒரு துண்டு குழந்தைக்கு, அந்த அம்மாவும் குழந்தையும் ஜப்பான்காரங்க. அதே வருஷக் கடைசில ஷிமானேல நாகாசுயேங்கற சர்ஜன், 1990ல கியோட்டோ, ஷின்ஷூ பல்கலைக்கழகங்கள். 1993ல மாகூச்சிங்கற சர்ஜன் ஷின்ஷூல பெரியவங்களுக்கே பண்ணிக் காட்டினார். ஆபரேஷன் நடக்கும்போதே ஈரல் மேல அல்ட்ராசவுண்ட் வச்சு, எந்த ரத்தக்குழாய் எங்க போகுதுன்னு பார்த்துப் பார்த்து வெட்டறதை முறையா ஆக்கினவர் அவர். நம்ம ஊர்ல இன்னைக்கு சொந்தக்காரங்க ஈரல் கொடுத்து நடக்கற ஆபரேஷன்ல அந்த வழி நிறைய இருக்கு.

இப்ப என் தொழில், இரைப்பைப் புற்றுநோய். ஜப்பான்ல இது ரொம்ப அதிகம், அதனால அவங்க எல்லாரையும்விட இதுல ஆழமா இறங்கினாங்க. 1950ல ஊஜி தாத்சுரோன்னு ஒரு சர்ஜன், ஒலிம்பஸ் கம்பெனி எஞ்சினியருங்களோட சேர்ந்து, வாய் வழியா விழுங்கற குட்டி கேமரா செஞ்சார், சின்ன பல்பு, சின்ன ஃபிலிம், இருட்டுல வயித்துக்குள்ள படம் எடுக்கணும். அதனால ஆரம்பக் கட்டத்துலயே நோயைப் பிடிக்க முடிஞ்சுச்சு. 1962ல இரைப்பைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குன்னே ஒரு சங்கம் வச்சு, விதிமுறைப் புத்தகம் போட்டாங்க. வயித்தைச் சுத்தி இருக்கற ஒவ்வொரு நிணநீர் முடிச்சுக் கூட்டத்துக்கும் ஒரு நம்பர். இரைப்பையோட இடது ரத்தக்குழாய் ஓரம் 7, ஈரலுக்குப் போற குழாய் ஓரம் 8, பெருங்குழாய் கிளை பிரியற இடம் 9. நான் இன்னைக்கு தியேட்டர்ல நின்னுக்கிட்டு "8ஏ எடுத்தாச்சா"ன்னு கேட்கறேன்னா அது அவங்க போட்ட நம்பர்.

அங்க பயிற்சிக்குப் போனப்ப நான் பார்த்த ஒரு விஷயம் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்சதும் வெட்டி எடுத்த இரைப்பையை நாம அப்படியே பத்தாலஜிக்கு அனுப்பிடுவோம். அங்க சர்ஜனே உட்கார்ந்து, பலகைல விரிச்சு ஊசி குத்தி, கொழுப்பை விரலால தடவித் தடவி ஒவ்வொரு முடிச்சா எடுத்து நம்பர் போட்ட டப்பால போடறார். ஆறு மணி நேரம் நின்னு ஆபரேஷன் பண்ணவர் இதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்றார். அப்புறம் கையால படம் வரைஞ்சு ஆபரேஷன் குறிப்பு எழுதறார், எந்த நரம்பை விட்டேன், எந்தக் குழாயை எங்க கட்டினேன்னு கலர் பென்சில்ல. ஜூனியர் பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கறான். அந்த விரல் பழக்கம் எந்தப் புத்தகத்துலயும் வராது, குருகிட்டேர்ந்துதான் வரும். ஆனா வெளில வர்ற முடிச்சோட எண்ணிக்கையும் நம்பரும் எழுத்துல ஏறிடுது, நாளைக்கு யாரு வேணா எடுத்துப் பார்க்கலாம். எனக்கு ஜப்பான் சர்ஜரின்னா இந்த ரெண்டும் சேர்ந்த அந்த மேசைதான்.


தாமிரபரணியான்:

டாக்டர், அருமை. இந்த முறையை மேல்நாட்டுக்காரங்க சுலபமா ஏத்துக்கிட்டாங்களா?


இளம்பரிதி_சர்ஜன்:

இல்லவே இல்லண்ணே. ஜப்பான் உடம்பு ஒல்லி, அங்க நோயே வேற மாதிரி, நம்ம பேஷண்டுக்கு இது ஒத்துக்காதுன்னு சொன்னாங்க. 1989ல நெதர்லாந்துல ஒரு பெரிய டிரையல் தொடங்கினாங்க. சொல்லிக் கொடுக்க தோக்கியோ தேசிய புற்றுநோய் மையத்துலேர்ந்து சாசாகோ மித்சுரு போனார். நாகசாகில டச்சுக்காரங்ககிட்ட ஜப்பான் கத்துக்கிட்டது போக, இப்ப டச்சு சர்ஜன்களுக்கு ஜப்பான்காரர் கைபிடிச்சுச் சொல்லிக் கொடுக்கறார். 711 பேரை ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு நிணநீர் முடிச்சைச் சின்ன அளவுல மட்டும் எடுத்தும், பாதிப் பேருக்குப் பரவலா எடுக்கற ஜப்பான் முறைலயும் பண்ணாங்க. முதல் ரிசல்ட் மோசம், ஜப்பான் முறைல 10 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிலயே இறந்தாங்க, இன்னொண்ணுல 4. கணையத்தோட வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்தது பெரிய காரணம், பல ஆஸ்பத்திரில வருஷத்துக்குச் சில கேஸ்தான், கை பழகறதுக்கு வாய்ப்பே இல்ல. ஆனா 15 வருஷம் கழிச்சு 2010ல பார்த்தா, புற்றுநோயால இறந்தவங்க ஜப்பான் முறைல 37 சதவீதம், இன்னொண்ணுல 48. அப்புறம் ஐரோப்பாவே மண்ணீரலை விட்டுட்டு முடிச்சை மட்டும் எடுக்கற முறைக்கு வந்துடுச்சு.


வாசகி_திருச்சி:

டாக்டர், அங்க சீனியர் சொன்னா ஜூனியர் வாயே திறக்க மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். குரு முறைன்னு நீங்க புகழறதுல இந்தப் பக்கமும் இருக்குல்ல?


இளம்பரிதி_சர்ஜன்:

இருக்கும்மா, மறுக்க மாட்டேன். பேராசிரியர் தலைமைல இருக்கற அந்த அமைப்புக்கு இக்யோக்குன்னு பேர். யாரு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னுகூட அவர்தான் முடிவு பண்ணுவார். 2004ல புதுப் பயிற்சி முறை வந்தப்புறம் அந்தப் பிடி தளர்ந்திருக்கு. 2014ல வெளில வந்த குன்மா பல்கலைக்கழக மருத்துவமனை விஷயம் தேடிப் பாருங்க, லேப்ராஸ்கோப்பில ஒரே சர்ஜன் பண்ண ஈரல் ஆபரேஷனுக்கு அப்புறம் எட்டுப் பேர் இறந்திருக்காங்க, வருஷக்கணக்கா அதை யாரும் நிறுத்தல. சாவு நடந்தா எல்லாரும் உட்கார்ந்து பேசற கூட்டம் ஒழுங்கா நடந்திருந்தா ரெண்டாவது மூணாவதுலயே நின்னிருக்கும். எனக்கு அதைப் படிச்சப்ப ரொம்பக் கோபம் வந்துச்சு.


மல்லிகா_மயக்கவியல்:

கம்போ பத்தி ஒருத்தரும் கடைசில என்னாச்சுன்னு சொல்லலையே. 1895ல கம்போ வைத்தியருக்குத் தனி அங்கீகாரம் கேட்ட மசோதா நாடாளுமன்றத்துல தோத்துப் போச்சு, மேல்நாட்டு மருத்துவம் படிச்சவங்களுக்கு மட்டும்தான் டாக்டர் லைசென்ஸ். ஆனா அதே டாக்டருங்க கைல மருந்து திரும்பி வந்துடுச்சு. 1976லேர்ந்து நிறைய கம்போ மருந்து அரசு காப்பீட்டுல இருக்கு. அதுல 100ஆம் நம்பர் பொட்டலம் தாய்கென்சூத்தோ, வயித்து ஆபரேஷன் ஆனப்புறம் குடல் அசையறதுக்காக ஜப்பான் சர்ஜன்கள் சர்வசாதாரணமா எழுதறது. உள்ள என்ன தெரியுமா, சன்ஷோ மிளகு, சுக்கு, ஜின்செங், மால்ட் சர்க்கரை. பழுப்புக் குருணையா இருக்கும், வாயில போட்டா நாக்கு லேசா மரத்துப் போகும். இதையும் அவங்க டிரையல்ல போட்டுப் பார்த்தாங்க, முடிவு ஆஹா ஓஹோன்னு இல்ல, மலம் போறது கொஞ்சம் சீக்கிரம் ஆகுது, சிலதுல வித்தியாசமே தெரியல. ஆனா தாத்தா காலத்து மருந்துன்னு கும்பிடாம, பொய்ன்னு தூக்கியும் போடாம, டிரையலுக்குக் கொண்டு வந்தாங்க பாருங்க, அதுக்கு நான் மதிப்புக் கொடுக்கறேன்.


கிளிநொச்சி_தீபன்:

டொக்டர், ஒரு கேள்வி. ஜப்பான் சேர்ஜன்மார் தங்கட சொந்த முறையையே பிழை எண்டு ஒத்துக்கொண்ட இடம் ஏதும் இருக்கோ? மற்றவன்ர முறையை டிரையல் வைச்சுப் பாக்கிறது லேசு.


இளம்பரிதி_சர்ஜன்:

இருக்கு தீபன். முடிச்சு எவ்வளவு தூரம் எடுக்கறோமோ அவ்வளவு நல்லதுன்னு அவங்க பெரியவங்க நம்பினாங்க, அதனால 80கள்லேர்ந்து முதுகெலும்புக்கு முன்னாடி ஓடற பெருந்தமனி ஓரம் வரைக்கும் போய் சுத்தம் பண்ணாங்க. மணிக்கணக்குல கூடுதல் வேலை, அதைச் செய்யத் தெரிஞ்சவருக்குத் தனி மரியாதை. 1995ல 24 ஆஸ்பத்திரி சேர்ந்து அதையே டிரையல்ல போட்டாங்க, 523 பேஷண்ட், பாதிப் பேருக்குச் செஞ்சு பாதிப் பேருக்குச் செய்யாம. நெதர்லாந்துக்குப் போன அதே சாசாகோதான் முடிவை 2008ல வெளியிட்டார். அஞ்சு வருஷம் உயிரோட இருந்தவங்க செய்யாதவங்கள்ல 69.2 சதவீதம், செஞ்சவங்கள்ல 70.3. வித்தியாசமே இல்ல. அதோட வழக்கமா எல்லாருக்கும் அதைச் செய்யறதை விட்டுட்டாங்க, கீமோ கொடுத்து முடிச்சு சுருங்கின சில பேருக்கு மட்டும் யோசிக்கறாங்க. அப்புறம் மண்ணீரல் எடுக்கறதை அதே மாதிரி சோதிச்சு, நோய் வயித்தோட பெரிய வளைவுப் பக்கம் இல்லன்னா எடுக்க வேண்டாம்னு 2017ல சொன்னாங்க. இரைப்பைக்குப் பின்னாடி இருக்கற சவ்வை உரிச்சு எடுக்கறது பல வருஷப் பழக்கம், அதுலயும் பிரயோஜனம் இல்லன்னு 2018ல வந்துச்சு. அந்த மூணையும் அவங்ககிட்டக் கத்துக்கிட்டு வந்து இங்க செஞ்ச சர்ஜன்கள் உண்டு, இப்ப நாங்களும் செய்யறதில்ல.